கேட்கும் வேகம், கொடுக்கும் வேகம்

பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவில் இரண்டு வேலைகள் இப்போது மென்பொருளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்று, உள்ளிருந்து வரும் இன்டென்டை, அதாவது தேவைக் கோரிக்கையைப் பார்ப்பது. யாருக்கு என்ன வேண்டும், பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா, யார் ஒப்புதல் தர வேண்டும், எந்த சப்ளையருக்கு பி.ஓ. (கொள்முதல் ஆணை) போடுவது என்பதெல்லாம் இதில் அடங்கும். மற்றொன்று, வெளியே இருக்கும் சப்ளையரோடு விலையும் கெடுவும் பேசுவது. முதல் வேலையை இயந்திரம் செய்வதில் பெரிய அறச்சிக்கல் கிடையாது. மேஜை மேஜையாகக் கோப்பு அலைவதில் யாருக்கும் புண்ணியம் இல்லை. இரண்டாவது வேலையில் மறுமுனையில் ஒரு மனிதரின் பிழைப்பு இருக்கிறது. அவருடைய ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கும் பேச்சுக்கு ஆளை அனுப்பாமல் இயந்திரத்தை அனுப்புவது முறையா?

இந்தக் கேள்வியை பெங்களூரு அலுவலகம் ஒன்றில் வைத்துப் பார்ப்பதைவிட வாசுதேவநல்லூரில் வைத்துப் பார்த்தால் எது முக்கியம், எது முக்கியமில்லை என்பது விளங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் இடையே உள்ள இந்த ஊரில் தரணி சர்க்கரை ஆலை பல ஆண்டுகள் சுற்றுவட்டாரக் கரும்பை வாங்கி அரைத்தது. கொள்முதல் பிரிவின் மொழியில் சொன்னால் கரும்பு விவசாயி ஆலையின் சப்ளையர். ஆனால் விருப்பம்போல் விற்கும் சப்ளையர் அல்லர். அவருடைய வயல் ஆலையில் பதிவாகியிருக்கும். வெட்டு உத்தரவு வந்தால்தான் அரிவாளை எடுக்கலாம். வெட்டிய கரும்பு காத்திருக்காது. காயக் காய எடை குறையும், சர்க்கரைச் சத்து இறங்கும். வேறு ஆலைக்கு ஏற்றலாமென்றால், இந்தப் பகுதி இந்த ஆலைக்கு என்ற ஒதுக்கீட்டு விதி குறுக்கே நிற்கும். விற்பவர் ஆயிரக்கணக்கில், வாங்குபவர் ஒருவர் என்ற நிலை.

இப்படிப்பட்ட இடத்தில் பேரம் நியாயமாக நடக்காது என்று அரசுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை விலை பேசும் வேலையையே ஆலையிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆலை கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை மத்திய அரசு அறிவிக்கும். கரும்பு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. 2018-19 பருவத்தில் 10 சதவீதச் சர்க்கரைப் பிழிதிறனுக்கு குவிண்டால் 275 ரூபாய், பிழிதிறன் 9.5 அல்லது அதற்குக் கீழே போனாலும் 261.25 ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஏக்கருக்கு 40 டன் என்று வைத்துக்கொண்டால் அந்தக் குறைந்த விலையிலேயே 1,04,500 ரூபாய் வரும். ஒரு வருடம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் 15,675 ரூபாய்.

ஏட்டில் இதைவிடப் பாதுகாப்பான சப்ளையர் இந்தியாவில் குறைவு. ஆனால் வாசுதேவநல்லூர் விவசாயிகள் கரும்பைக் கொடுத்துவிட்டு நிலுவைக்காகப் பலமுறை போராட வேண்டியிருந்தது. 2021-இல் தரணி நிறுவனம் சென்னை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் வழியே திவால் நடைமுறைக்குள் போனது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, நிறுவனத்தின் கதியைத் தீர்மானிக்கும் கடன் கொடுத்தோர் குழுவில் வாக்கு வங்கிகள் போன்று நிதிக் கடன் கொடுத்தோருக்குத்தான். சரக்கு கொடுத்துப் பணம் வாங்காதவர்கள் வேறு வகையில் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களுக்கு வாக்கு கிடையாது. வங்கி அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தது. விவசாயி அடமானமும் இல்லாமல், கடன் கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே கொடுத்திருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விவசாயி விலையில் ஏமாறவில்லை. விலை சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. அவர் ஏமாந்தது தேதியில். கொள்முதலின் அறத்தைப் பேசுகிறவர்கள் விலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிறிய சப்ளையரின் கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் பணம் வரும் நாள். “பில்லு அக்கவுண்ட்ஸ்ல இருக்கு அண்ணாச்சி, அடுத்த வாரம் பாப்போம்” என்ற பதிலை உதிரிபாகம் கொடுப்பவர், அட்டைப்பெட்டி கொடுப்பவர், கேன்டீனுக்குக் காய்கறி போடுபவர் என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

பேரம் பேசும் மென்பொருளை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டு வால்மார்ட். 2021-இல் அதன் கனடா பிரிவு, பாக்டம் என்ற நிறுவனத்தின் அரட்டை மென்பொருளைக் கொண்டு சப்ளையர்களிடம் பேரம் பேசிப் பார்த்தது. சோதனையில் பங்கேற்ற சப்ளையர்கள் 89 பேர். அவர்களில் 64 சதவீதத்தினரோடு உடன்பாடு ஏற்பட்டது. ஒரு பேரம் முடிய சராசரியாக 11 நாள் ஆனது. விலையில் சராசரி 1.5 சதவீதம் மிச்சம். கூடவே, பணம் கொடுக்கும் கெடு சராசரியாக 35 நாளாக நீண்டது. வெற்றிக் கணக்கில் எழுதப்பட்ட அந்தக் கடைசி வரியை வாசுதேவநல்லூர் விவசாயி வேறு விதமாகத்தான் படிப்பார். கெடு நீள்வது என்றால் சிறியவர் பெரியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார் என்று பொருள்.

ஆனாலும் இயந்திரத்தின் பக்கத்து வாதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சப்ளையர்களைக் கொண்ட வால்மார்ட், அவர்களில் சுமார் 20 சதவீதத்தினரோடு அதுவரை பெரும்பாலும் பேரமே பேசியதில்லை. அச்சடித்த நிபந்தனையை நீட்டி, கையெழுத்துப் போடு அல்லது போய்வா என்பதுதான் நடைமுறை. சிறியவருக்கு ஒதுக்க அதிகாரிகளுக்கு நேரமில்லை. இயந்திரம் வந்த பிறகு அவருக்கும் எதிர்விலை சொல்ல ஓர் இடம் கிடைத்தது. நிதானமாக யோசித்துப் பதில் எழுத முடிந்தது. அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் அது எளிதாக இருந்தது என்றார்கள்.

மனிதப் பேரம் ஏதோ பொற்காலம் என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. கமிஷன் கேட்கும் பர்ச்சேஸ் ஆபீசர் உண்டு. சொந்தக்காரருக்கும் சாதிக்காரருக்கும் முதல் பி.ஓ. போகிற அலுவலகம் உண்டு. கரும்பில் வெட்டு உத்தரவு யாருக்கு முதலில் என்பது எப்போதும் சண்டைதான். உத்தரப் பிரதேசத்தில் ‘பர்ச்சி’ என்ற அந்தச் சீட்டைச் சுற்றி இடைத்தரகர் கூட்டமே வளர்ந்திருந்தது. அதை உடைக்க மாநிலக் கரும்புத் துறை சீட்டு வழங்குவதைக் கணினிக்கு மாற்றியது. இ-கன்னா என்ற செயலியிலும் குறுஞ்செய்தியிலும் விவசாயிக்கு முறை எப்போது என்று தெரிந்தது. தயவு பார்க்காத இயந்திரம் இங்கே சிறியவருக்கு நன்மையே செய்தது.

ஆனால் அதே மாநிலத்தில், சீட்டு கைபேசிக்கு வந்த பிறகும், கரும்பு நிலுவை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடிகளில் நின்றது. கரும்பை வரவழைக்கும் வேலை தானியங்கியானது. பணத்தை அனுப்பும் வேலை மனிதர்களின் மனப்போக்கிலும் ஆலைகளின் கையிருப்பிலும் தங்கிவிட்டது. இந்த ஏற்றத்தாழ்வில்தான் அறக்கேள்வி உட்கார்ந்திருக்கிறது. ஒரு நிறுவனம் தன் உரிமைகளை இயந்திரத்திடமும் தன் கடமைகளை மனிதரிடமும் ஒப்படைத்தால், உரிமை தவறாமல் நிறைவேறும்; கடமைக்கு மட்டும் எப்போதும் ஒரு சாக்கு இருக்கும்.

அடுத்த சிக்கல் நினைவாற்றலைப் பற்றியது. விற்பவரின் அவசரத்தைப் படிப்பது பேரத்தின் பழைய கலை. புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் வியாபாரிக்குத் தெரியும், இன்று விற்காத காய் நாளை வாடும் என்று. அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஏனென்றால் பக்கத்துக் கடையில் இன்னொரு வியாபாரி இருக்கிறார். மென்பொருளின் நிலை வேறு. சென்ற ஆண்டு எந்த மாதத்தில் இவர் விலையைக் குறைத்தார், சீக்கிரம் பணம் வர எத்தனை சதவீதம் விட்டுக்கொடுத்தார், எத்தனை நிமிடத்தில் சம்மதித்தார் என்பதெல்லாம் அதற்கு மறக்காது. ஆயிரம் பேரின் தேவையை ஒரே நேரத்தில் அது படிக்கும். அந்த ஆயிரம் பேருக்கும் ஒருவர் நிலை இன்னொருவருக்குத் தெரியாது. வேறு வாங்குநர் இல்லாத இடத்தில் இந்த அறிவைப் பயன்படுத்துவது பேரம் என்ற எல்லையைத் தாண்டி நெருக்குதலாகிவிடுகிறது. ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்துகொண்டு முறையற்ற ஆதாயம் பெறுவதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே தனியாக அடையாளம் கண்டிருக்கிறது.

செலவைக் குறை என்று மட்டும் சொல்லிவிட்டால் இயந்திரம் சட்டத்தையும் ஒரு செலவாகவே பார்க்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்கச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டியோடு. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த விதி வந்தபோதே, பெரிய வாங்குநர்கள் பதிவு பெற்ற சிறியவரை விட்டுவிட்டு மற்றவரிடம் போய்விடுவார்களோ என்ற பயம் சிறுதொழில் வட்டாரத்தில் எழுந்தது. எவரும் தீயெண்ணம் கொள்ளாமலே, சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மென்பொருள் அந்தப் பயத்தை நிஜமாக்கிவிடலாம். உரிமை உள்ளவரைவிட உரிமை இல்லாதவர் மலிவு என்று அது கணக்கிடும்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? “சிஸ்டம் ஏத்துக்கலை” என்பது இன்றைய அலுவலகங்களின் தேசிய கீதம். சட்டம் இந்தச் சாக்கை ஏற்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, ஒருவர் தமக்காகத் தானாக இயங்கும்படி அமைத்த கணினி அனுப்பிய மின்பதிவு அவர் அனுப்பியதாகவே கொள்ளப்படும் என்கிறது. அறமும் இதையே சொல்ல வேண்டும். எந்த விலைக்குக் கீழே நெருக்கக் கூடாது, எந்தக் கெடுவுக்கு மேல் கேட்கக் கூடாது என்பவை மென்பொருளுக்குள் யாரோ ஒருவர் எழுதிய எண்கள். அந்த எண்களுக்குக் கீழே ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். சப்ளையருக்குத் தாம் பேசுவது இயந்திரத்தோடு என்று முதலிலேயே தெரிய வேண்டும். முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஆளை அணுக அவருக்கு ஒரு வழியும் வேண்டும். கேட்டுவிட்டுக் கையை விரிக்கும் உதவி மையம் அதில் சேராது.

வாங்குபவரின் இயந்திரம் விற்பவரின் வருமானத்தைத் தீர்மானிப்பது புதிதும் இல்லை. சர்க்கரை ஆலையின் எடைமேடை அதுதான். மேடை ஆலையுடையது, காட்டும் எண்ணும் ஆலையுடையது, கரும்பு மட்டும் விவசாயியுடையது. ஆலையை நம்புங்கள் என்று அரசு விவசாயியிடம் சொல்லிவிடவில்லை. எடைக்கருவியைச் சரிபார்த்து முத்திரையிடச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த வேலை தொழிலாளர் துறையிடம் உள்ளது. பேரம் பேசும் மென்பொருளும் ஒருவகையில் எடைமேடைதான். சரக்குக்குப் பதில் அது சப்ளையரின் பலவீனத்தை நிறுக்கிறது. வெளியாள் ஒருவர் அதைத் திறந்து பார்க்கும் ஏற்பாடு இல்லாமல் அதை நியாயமானது என்று அறிவிக்க வாங்குநருக்கு மட்டும் உரிமை இருக்க முடியாது.

இதற்கெல்லாம் வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. வாங்குநருக்கும் போட்டி இருக்கிறது. அவர் இரக்கம் காட்டினால் போட்டியாளர் முந்திவிடுவார். நிறுவனம் மூழ்கினால் சப்ளையரும்தான் மூழ்குவார். சர்க்கரைத் தொழிலே இதற்குச் சாட்சி: வறட்சியும் சர்க்கரை விலைச் சரிவும் வந்தால் நல்லெண்ணம் கொண்ட ஆலையும் தடுமாறும். இது உண்மை. ஆனால் இந்த வாதம் கடினமான விலைப் பேரத்தை மட்டுமே நியாயப்படுத்துகிறது. விலையில் இரண்டு ரூபாய் குறைக்கக் கேட்டால் சப்ளையர் மறுக்கலாம், கணக்குப் பார்த்துச் சம்மதிக்கலாம். சம்மதித்த பணத்தைப் பிறகு கொடுக்காமல் வைத்திருப்பதில் அவருடைய சம்மதம் எதுவும் இல்லை. நலிந்த நிறுவனத்துக்குக் கடன் வேண்டுமென்றால் அது வங்கியிடம் கேட்கட்டும். இடரை எடைபோட்டு, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம் அது.

ஆகவே பேரத்துக்கு இயந்திரம் கூடாது என்ற தடை தேவையில்லை. ஒரு வரிசைமுறை தேவை. முதலில் தானியங்கியாக வேண்டியது பணம் கொடுப்பது: சரக்கை ஏற்ற நாளிலிருந்து கெடு ஓட வேண்டும், கெடு முடியும் நாளில் பணம் போக வேண்டும், தவறினால் சப்ளையர் கேட்காமலே வட்டி சேர வேண்டும். இதற்கு உயர்ந்த செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம். தேதியைக் கழிக்கத் தெரிந்த சாதாரண நிரல் போதும். அது இயங்கத் தொடங்கிய பிறகு இன்டென்டும் பி.ஓ.வும் தானாக நகரட்டும். விலைப் பேரம் கடைசியில் வரட்டும். அதிலும் சிறியவர்களிடம் பணம் கொடுக்கும் கெடுவைப் பேரப்பொருளாக்கக் கூடாது.

பேரம் பேசும் மென்பொருள் வாங்க அனுமதி கேட்டுக் கோப்பு வரும்போது, இயக்குநர் குழு ஒரே ஒரு தாளைக் கேட்டால் போதும்: 45 நாளைத் தாண்டி நிற்கும் சிறு சப்ளையர்களின் பில் பட்டியல். அந்தத் தாள் வெறுமையாக இருந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் அந்த நிறுவனம் முதலில் வாங்க வேண்டிய மென்பொருள் வேறு.