காட்சியும் கண்ணும்

நிலக்காட்சிப் புகைப்படம் கலையாகுமா என்னும் வினாவுக்கு இருவகை மறுப்புகள் நம்மிடையே வழங்குகின்றன. படம் எடுப்பது இயந்திரம். மனிதனுக்கு அதில் என்ன பெருமை என்பது ஒன்று. கலை சிலருக்குப் பிறவியிலேயே அமையும் வரம். மாதச் சம்பளக்காரனுக்கும் பால்வெட்டுக்காரனுக்கும் அது எட்டாது என்பது மற்றொன்று. இரண்டும் வந்து சேரும் முடிவு ஒன்றே: முயற்சிக்கு இடமில்லை; ஆகவே வளர்ச்சியும் இல்லை. இதனை நாம் ஏற்கலாமா?

இயந்திரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ், 1941இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர்மேல் நிலவெழுந்த காட்சியைப் படம் பிடித்தார். காமிராவின் வேலை நொடிப்பொழுதில் முடிந்தது; அவர் வேலை முடியவில்லை. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரதிகள் எடுத்துவந்தார். முந்தைய பிரதிகளில் வானம் வெளிறி நிற்கும். பிந்தையவற்றிலோ அது கரிய இருளாகி, நிலவு தனித்து ஒளிரும். இயந்திரம் கண்டது மாறவில்லை. மனிதன் கண்டதே மாறிற்று.

இனி, பிறவி வரம் என்னும் வாதம். சிங்கப்பூரின் யிப் சியோங் ஃபன் (1903–1989) பொறியியல் நிறுவனமொன்றில் உழைத்துப் பிழைத்தவர். புகைப்படக் கலையைத் தாமே முயன்று கற்றவர். அவர் இமயத்தைத் தேடிச் செல்லவில்லை. தம்மூர்க் கடலையும் சைனா டவுன் தெருக்களையுமே மீண்டும் மீண்டும் நாடினார். அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த ‘வைகறையில் துடுப்பிடல்’ 1957இல், ஐம்பது வயதைக் கடந்தபின் எடுத்த படம். 1984இல் கலாசாரப் பதக்கம் அவரை வந்தடைந்தது. இதனை வரம் என்பதா, உழைப்பு என்பதா?

கண்ட இடத்தையே மறுபடி காண்பதில் என்ன பயன் என்பார் உளர். தேக்கா வட்டாரத்தைப் பாருங்கள். வருவோர் பலர் கெர்பாவ் சாலையிலுள்ள டான் டெங் நியாவின் பலவண்ண வீட்டைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அழகிய வீடுதான். ஆயினும் ‘கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமை. மாட்டுத் தொழுவங்கள் நிறைந்திருந்த இடம் அது. சுண்ணாம்புச் சூளைகளால் நம் முன்னோர் சிராங்கூன் சாலைப் பகுதியைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றே அழைத்தனர். இதை அறிந்தவன் சுவரோடு நின்றுவிடமாட்டான். ஞாயிறுதோறும் அங்கே கூடும் வெளிநாட்டுத் தொழிலாளரையும் காண்பான். படம் சுத்தமாக இருக்கவேண்டுமென்று அவர்களை வெட்டி நீக்குவது கலையா? அது பாதிக் காட்சியே.

தோட்டத்திலும் இதுவே நிலை. சரிவில் நிரை நிரையாய் நிற்கும் மரங்களை இயற்கையின் எழில் என்கிறோம். அந்த நிரைகளை இயற்கை வகுக்கவில்லை. காடழித்து நட்ட கைகள் வகுத்தன. கிராணிகளாகிய நாம் பிரட்டில் பெயர் கூப்பிட்டு அக்கைகளை நாள்தோறும் எண்ணுகிறோம். எண்ணுவது காண்பதாகாது.

அதற்காகத் தொழிலாளியை மூடுபனியில் ஓர் அலங்காரப் புள்ளியாக நிறுத்தினால் போதுமோ? போதாது. வறுமைக்கு அழகு பூசுவதும் பொய்யே. அவர் உழைப்பால்தான் அந்நிலம் அவ்வடிவம் பெற்றது என்பது படத்தில் விளங்கவேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். அவரோடு பழக்கமும் வேண்டும்.

புதிய காமிராவும் தொலைதூரப் பயணமும் கலைஞனின் வளர்ச்சிக்கு அளவுகோல் அல்ல. நேற்று சட்டத்துக்கு வெளியே தள்ளியதை இன்று எதற்காக உள்ளே அழைக்கிறோம் என்று நம்மால் சொல்ல முடியுமாயின், கண் வளர்ந்திருக்கிறது. கைப்பேசி வந்தபின் கருவி இல்லை என்ற சாக்கும் ஒழிந்தது. ஒரே தெருவை, ஒரே சரிவை, ஓராண்டு விடாமல் பார்ப்போம். கலை யாருக்கு உரியது என்னும் வழக்கு அதில் தீர்ந்துவிடும்.