நாமம் இட்ட அகத்தியரும் திரும்பி வந்த மெயிலும்

குற்றாலநாதர் கோயில் ஒரு காலத்தில் பெருமாள் கோயிலாக இருந்தது என்கிறது தலபுராணம். திருநீற்றோடு வந்த அகத்தியரை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். போனவர் நாமம் இட்டுக்கொண்டு திரும்பி வந்தார்; அதே வாசல் வழிவிட்டது. உள்ளே போய்த் திருமாலின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார். மெயில் சர்வர் நடத்துபவர்கள் இதை ‘ஸ்பூஃபிங்’ என்பார்கள். பக்தர்கள் கோபிக்க வேண்டாம்.

மெயில் பரிமாற்றத்துக்காக 1982-ல் வந்த எஸ்எம்டிபி விதியும் அந்த வாசல்காரரைப் போலத்தான். அனுப்புநர் என்று யார் பெயரைப் போட்டாலும் நம்பியது. ஏமாந்து ஏமாந்துதான் இன்றைய சர்வர்கள் சந்தேகம் கற்றன.

எதை வைத்து ஒன்றை உண்மை என்று ஏற்பது? சைவ சித்தாந்தம் மூன்று அளவைகளைச் சொல்லும்: நேரில் காணும் காட்சி, அதிலிருந்து ஊகிக்கும் கருதல், நம்பத்தக்கவர் சொல்லும் உரை. தென்காசியில் ஒருவர் வீட்டிலேயே மெயில் சர்வர் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். எதிர்முனை சர்வர் கண்ணால் காண்பது அவருடைய ஐபி எண்ணை மட்டுமே. உரைக்கு டிஎன்எஸ் என்னும் டொமைன் பெயர்ப் பதிவேடு இருக்கிறது: எந்த ஐபி இந்த டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் சொல்லும், டிகேஐஎம் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியும் அங்கேதான். மடலின் நெற்றியில் உள்ள பெயரும் இந்தச் சான்றுகளும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது டிமார்க். அகத்தியர் இங்கேதான் அகப்பட்டிருப்பார்.

நம் தென்காசிக்காரர் இதையெல்லாம் சரியாகவே வைத்திருக்கிறார். ஆனாலும் மெயில் திரும்புகிறது. சர்வரின் லாகில் எதிர்முனையின் பதில் எண் 4-ல் தொடங்கினால் கவலையில்லை. குற்றாலம் மெயினருவியில் வெள்ளம், கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்று போலீஸ்காரர் சொல்வது மாதிரி. அவர் லாகில் இருப்பதோ 550. நிரந்தர மறுப்பு. காரணம், அவர் ஐபி வீட்டு இணைப்புகளுக்கான தொகுதியில் இருக்கிறது; வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்கள் ஸ்பேம் கக்கும் தெரு அது. புகை கண்ட இடத்தில் நெருப்பு என்பது கருதல். புகை பக்கத்து வீட்டில் என்றாலும் கதவு அடைபடுவது இவருக்கு.

அவரவர் வினை அவரவரைச் சேரும் என்பது சித்தாந்தம். மெயில் உலகில் அயலான் வினையும் வந்து ஒட்டும். பெரியவர்களும் தப்பவில்லை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் டொமைனையே 2018 செப்டம்பரில் அதைப் பதிவுசெய்து தந்த நிறுவனம் சில மணி நேரம் முடக்கியது. ஜோஹோவின் மெயில் சேவையைச் சிலர் ஃபிஷிங்குக்குப் பயன்படுத்தியதாக வந்த புகார்களே காரணம். சேவையை நம்பியிருந்த லட்சக்கணக்கானோர் செய்த குற்றம் என்ன?

இது அநீதிதான். ஆனால் ஸ்பேமில் மூழ்கும் சர்வருக்குக் கருதலை விட்டால் வேறு கதியும் இல்லை. நம்மவர் செய்யக்கூடியது, இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி கேட்டு, அந்த ஐபி இவருடைய சர்வருக்குரியது என்று சொல்லும் பிடிஆர் பதிவை அவர்களையே போடச் சொல்வது. இல்லையேல் நற்பெயர் உள்ள ரிலே சர்வர் வழியாக அனுப்புவது. இரண்டிலும் இன்னொருவர் உரைதான் துணை.

குற்றாலநாதருக்கு இன்றும் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். அகத்தியர் அழுத்திய தலைவலி தீரவாம்.