நெல்லிக்கனியும் நெல்லிக்குச்சியும்

கொடுத்தால் குறைந்துபோகும் பொருளைக் கொடுப்பது கடினமா, கொடுத்தாலும் குறையாத பொருளைக் கொடுப்பது கடினமா? குறையாததைக் கொடுக்க யார்தான் தயங்குவார்கள் என்று நானும் நினைத்திருந்தேன், என் வீட்டு நெல்லிமரம் பாடம் கற்பிக்கும் வரையில்.

நாஞ்சில் நாட்டில் நெல்லி அபூர்வமான மரமல்ல. காயை உப்பிலிடுவோம், வைத்தியர் லேகியம் கிண்டுவார், உவர்த்த கிணற்றில் நெல்லிக் கட்டையைப் போடுவதும் உண்டு. ஆனால் அப்பா விதைபோட்டு வளர்த்த எங்கள் மரம் தனி. காய் எலுமிச்சையளவு, நாரும் குறைவு. வருஷந்தோறும் தெருவுக்கே கூடையில் கொடுத்தனுப்புவோம். அதியமான் ஔவைக்குக் கொடுத்ததோ ஒரே ஒரு கனி! இந்தப் பெருமை எனக்குள் இல்லாமலில்லை.

2015-இல் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "அண்ணாச்சி, ரெண்டு குச்சி தருவியளா? காட்டு நெல்லிக் கன்று ஒண்ணு நிக்கு. ஒட்டுக் கெட்டிப் பாக்கலாம்."

நெல்லி விதை தாயைப் போன்ற பிள்ளையைத் தருமென்று நம்ப முடியாது. பென்சில் பருமனுள்ள சாதாரணக் கன்றில், நல்ல மரத்தின் மொட்டைப் பட்டையோடு பெயர்த்துப் பதித்துக் கட்டவேண்டும். விதைக்கன்று காய்க்க ஏழெட்டு வருஷம்; ஒட்டுக்கன்றுக்கு மூன்று நான்கு வருஷம் போதும். வடக்கே பைசாபாத் நரேந்திர தேவ் வேளாண் பல்கலைக்கழகத்தில் 'பிரான்சிஸ்' ரகத்தின் விதைக்கன்றுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் 'என்.ஏ. 7'. இன்று தோட்டந்தோறும் நிற்கும் அந்த ரகமெல்லாம் அந்த ஒரு மரத்தின் கிளைகளே. யாரோ ஒருவர் ஒரு மரத்தைக் கவனித்தார். அதன் குச்சியைப் பிறருக்குக் கொடுத்தார். அவ்வளவுதான்.

நான் சொன்ன பதில்: "மழை கழியட்டும், பாக்கலாம்."

மழை கழிந்தது, வெயிலும் கழிந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. ஏன் மறுத்தேன்? காயைக் கொடுத்தால் நான் கொடையாளி. அடுத்த வருஷமும் என் கூடைக்காகத்தான் அவர் காத்திருக்கவேண்டும். குச்சியைக் கொடுத்தாலோ அவரும் எனக்குச் சமானம். மரத்தில் ஒன்றும் குறைந்துவிடாது; என் பெருமைதான் குறையும். அதியமான் கொடுத்தது தன் ஆயுளை. நான் கொடுக்க மறுத்தது வெறும் பெருமையை.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் மரத்தை வேரோடு சாய்த்தது. விடிந்ததும் முதலில் வெட்டுக்கத்தியோடு வந்தவர் அவர்தான். பழைய பேச்சை எடுக்கவேயில்லை. கிளைகளைத் தறித்துவிட்டு, நான்கு குச்சிகளை மட்டும் ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டுபோய் ஒட்டுக் கட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை.

அந்த இடத்தில் இப்போது பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்து ரகமான 'பி.எஸ்.ஆர். 1' ஒட்டுக்கன்று வளர்ந்து காய்க்கிறது, விலைக்கு வாங்கியது. போன மாதம் நானே அவரிடம் போய், "குச்சி வேணுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இது நர்சரியிலேயே கெடைக்குதே அண்ணாச்சி!"

உண்மைதான். நர்சரியில் கிடைக்காத மரம் ஒன்று என்னிடம் இருந்தது.