கணக்கில் தோற்றவன் கடையில் தோற்பதில்லை

உங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று யார் சொன்னது? எந்த வினாத்தாளில் அப்படி அச்சடித்திருக்கிறது? எந்த வாத்தியார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்? சொல்வது நாம்தான். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை காதுபடச் சொல்கிறோம். அவனும் நம்பிவிடுகிறான். மறுநாள் வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், களமருதூரில் தொடங்கி மேலே வெள்ளிமலை வரைக்கும், அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்!

பள்ளிகளுக்கு இப்போது தேர்வு மேல் தேர்வு வருகிறது. 2021 நவம்பர் 12இல் தேசிய அடைவு ஆய்வு நடந்தது. 2024 டிசம்பர் 4இல் அதே வேலையை ‘பரக்’ என்ற பெயரில் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான அடைவுத் தேர்வு நடந்தது. இவை எதுவும் உங்கள் பிள்ளையைப் பாஸ், பெயில் போட வந்தவை அல்ல. எந்த மாவட்டத்தில், எந்தப் பாடத்தில் கற்பித்தல் சறுக்குகிறது என்று பார்க்க வந்தவை. அதில் எண் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள். எட்டு வயதுப் பிள்ளை ஏன் தலை குனிய வேண்டும்?

2022இல் கல்வி நிலையை அளக்கும் ‘அசர்’ ஆய்வுக் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் இரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. எப்படி இருப்பார்கள்? கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளி, 2021 நவம்பர் 1இல்தானே திறந்தது! அதையொட்டி ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம் வந்தது, பிறகு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது, காலையில் பள்ளியிலேயே சாப்பாடும் வந்தது. 2024இல் அதே அசர் குழு பார்த்தபோது அந்த எண் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய. ஆனால் இரண்டு வருடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் புது மூளையா முளைத்தது? கிடைத்தது கவனிப்பு. கவனித்தால் ஏறுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். 46இல் 29 போனால் எவ்வளவு? 23 என்று எழுதியிருப்பான். சிவப்பு மையில் ஒரு தப்பு, தலையில் ஒரு குட்டு, கூடவே ‘மக்கு’ என்று ஒரு பட்டம். கொஞ்சம் பொறுங்கள். அந்த 23 எங்கிருந்து வந்தது? நாலில் இரண்டு போக இரண்டு. ஆறில் ஒன்பது போகாது. அதனால் அவனாகவே திருப்பிப் போட்டு, ஒன்பதில் ஆறைக் கழித்து மூன்று என்று எழுதியிருக்கிறான். அவனுக்குக் கழிக்கத் தெரிகிறது! பக்கத்துப் பத்திலிருந்து கடன் வாங்குவது ஒன்றுதான் பிடிபடவில்லை.

அதே பையனிடம் நாலு பத்து ரூபாய்த் தாளும் ஆறு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து, 29 ரூபாய்க்குச் சாமான் வாங்கி வரச் சொல்லுங்கள். மீதி 17 ரூபாயில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கடையை விட்டு நகரமாட்டான். வீட்டுக்கு வந்ததும் அதே காசைத் தரையில் பரப்புங்கள். ஒரு பத்து ரூபாய்த் தாளைச் சில்லறை மாற்றி, பத்தும் ஆறும் பதினாறு, அதில் ஒன்பது போக ஏழு என்று அவன் கையாலேயே எண்ண வையுங்கள். கரும்பு வெட்டப் போகிற தாய்க்கும் இது தெரியும். மரவள்ளி பிடுங்குகிற தகப்பனுக்கும் இது தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். கணக்கு உங்கள் கையில் இருக்கிறது.

இதை எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு காத்திருக்கிறது. மொத்தம் 180 வினா. தேர்வாகிறவர்களுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நாலு வருடத்துக்கு 48,000. ஏழைப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற பணம் அது. அந்தக் கதவுக்குச் சாவி இந்தக் கழித்தல் கணக்குதான்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தது அவரவர் நிலையிலிருந்து மேலே ஏற்றுவதற்கு. ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை மார்ச்சிலும் அரும்பிலேயே இருந்தால், அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்காருங்கள். நம் மாவட்டத்துக் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்தது. அங்கே முதல் தலைமுறையாகப் பள்ளிப்படி ஏறுகிற பிள்ளையைப் பார்த்து, “உங்கப்பன் படிச்சானா, நீ படிக்க?” என்று யாரும் கேட்கக் கூடாது. அப்பனுக்குப் படிக்கிற வாய்ப்புக் கிடைக்கவில்லை. பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது.

வாய்ப்புக் கிடைத்தால் எவ்வளவு தூரம் போகலாம்? 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். 2019 வரை நம் கள்ளக்குறிச்சியும் அந்த மாவட்டம்தான். வீரமுத்துவேல் ரயில்வே தொழிலாளியின் மகன்; பள்ளி முடித்ததும் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர். நிலவு வரைக்கும் போக அவருக்கு அதெல்லாம் தடையாக இருக்கவில்லை.

தம்பி, தங்கச்சி, உனக்கும் சொல்கிறேன். தப்பாக வந்த கணக்கை அழிக்காதே. எங்கே தவறியது என்று டீச்சரிடம் எழுந்து நின்று கேள்!

பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். “என் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா? கழிக்க வருகிறதா? வராவிட்டால் என்ன செய்யப் போகிறீர்கள்? நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். கேட்கிற ஊரில்தான் பள்ளிக்கூடம் நிமிரும்.