கடற்கன்னிக்கு ஆத்மா உண்டா?

இடுப்புக்கு மேல் பெண்ணும் கீழ் மீனுமாகிய ஒரு ஜீவனுக்கு ஆத்மா உண்டா இல்லையா என்று விசாரம் செய்வது, பொழுது போகாதவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பேச்சாகவே முதலில் தோன்றும். ஆயினும் ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகில் துறவிகளும், வைத்தியர்களும், கவிகளும், கடைசியில் டென்மார்க் தேசத்துச் செருப்புத் தைப்பவர் ஒருவருடைய மகனும் இக்கேள்வியை விட மனமின்றித் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கும்போது, அவர்கள் கடற்கன்னியைச் சாக்கிட்டு வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்ற சந்தேகம் எழாமல் இராது.

'கடவுளின் நகரம்' என்னும் நூலின் பதினாறாம் பகுதியில், நாய்த்தலை மனிதர், ஒற்றைக்கால் மனிதர் என்று பழைய நூல்கள் வருணித்த விசித்திர ஜாதிகளைப் பற்றிப் பேச வருகிற கிறிஸ்தவ ஞானி அகஸ்டின், அப்படிப்பட்டவர்கள் இருப்பதாகச் சொல்லப்படுவதையெல்லாம் நம்ப வேண்டிய கட்டாயமில்லை என்று ஒதுக்கிவிட்டு, ஒருவேளை இருந்து, பகுத்தறிவும் மரணமும் உடைய மனிதப் பிறவியாகவும் இருப்பார்களானால், அவர்களுடைய உருவமும் நிறமும் குரலும் எவ்வளவு மாறுபட்டிருந்தாலும் அவர்களும் ஆதாமின் வழியில் வந்தவர்களே என்று தீர்ப்பளித்தார். விசாலமான தீர்ப்புத்தான். ஆனால் ஆதாமின் வழியில் வராத ஒன்று பேசினால், சிரித்தால், காதலித்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதற்கு விடை சொல்லத் துணிந்தவர் 1541-ல் காலமான பாராசெல்ஸஸ் என்னும் வைத்தியர். அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 1566-ல் அச்சேறிய சிறு நூலொன்றில், நீரிலும் காற்றிலும் மண்ணிலும் நெருப்பிலும் வாழும் நான்கு வகை ஜீவன்களைப் பற்றி அவர் விவரிக்கிறார். அவற்றுக்கு ரத்தமும் சதையும் உண்டு, பேச்சு உண்டு, பிள்ளைப்பேறு உண்டு. ஆத்மா மட்டும் இல்லை. ஆனால் நீர்மகள் ஒருத்தி மனிதனை விவாகம் செய்துகொண்டால் ஆத்மாவைப் பெறுவாள்! இந்தச் சித்தாந்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு 1811-ல் ஃபூக்கே என்ற ஜெர்மானியர் 'உண்டீன்' என்னும் கதையை எழுதினார். வீரன் ஒருவனை மணந்து ஆத்மா பெற்ற மறுநாள் முதல், அதுவரை விளையாட்டுப் பிள்ளையாய்த் திரிந்த அந்தப் பெண் அடங்கி, நெகிழ்ந்து, துக்கப்படக் கற்றுக்கொள்கிறாள்.

ஃபூக்கேயின் மேல், முதலில் சொன்ன செருப்புத் தைப்பவர் மகனாகிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. 1837-ல் வெளிவந்த 'சின்னக் கடற்கன்னி'யைப் பற்றி அவர் தம் நண்பர் இங்கெமானுக்கு எழுதுகையில், அழியாத ஆத்மாவைப் பெறுவது இன்னொருவருடைய காதலைப் பொறுத்திருக்கும்படி தாம் விடவில்லை என்றும், அப்படி விட்டால் மோட்சம் வெறும் தற்செயலாகிவிடும் என்றும் தெரிவித்தார். இந்தக் கடிதத்தை அறிந்தபின் கதையைப் படித்தால் அது வேறொரு கதையாகவே தெரிகிறது. கடலடி அரண்மனையில் பாட்டி பேத்திக்குச் சொல்லும் செய்தி கொடுமையானது: நாம் முந்நூறு வருஷம் வாழ்வோம், பிறகு நுரையாய்க் கரைவோம், மனிதருக்கோ அற்ப ஆயுள், ஆனால் சாகாத ஆத்மா. அன்று முதல் அவள் ஏங்குவது அரசகுமாரனுக்காக மட்டுமன்று. நாவை அறுத்துக் கொடுத்து, அடிக்கு அடி கத்திமேல் நடப்பதுபோன்ற வேதனையோடு கால்களை வாங்கிக்கொண்டு வந்தவளை அவன் மணக்கவில்லை. தங்கள் கூந்தலை விற்றுச் சகோதரிகள் கொண்டுவந்த கத்தியை அவன் மார்பில் பாய்ச்சினால் மறுபடியும் கடலுக்குத் திரும்பலாம் என்ற நிலையில், அவள் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் குதிக்கிறாள். நுரையாகாமல் காற்றின் புதல்வியரோடு சேர்ந்து, முந்நூறு வருஷம் நற்செயல் புரிந்து, தானே ஆத்மாவைச் சம்பாதித்துக்கொள்ளும் வழி அவளுக்குத் திறக்கிறது.

நல்ல குழந்தையைக் கண்டால் அந்தத் தவணையில் ஒரு வருஷம் குறையும், பொல்லாத குழந்தையைக் கண்டு அழுதால் சிந்தும் ஒவ்வொரு துளிக்கும் ஒரு நாள் கூடும் என்று ஆண்டர்சன் கடைசியில் ஒட்டவைத்திருப்பது, வாத்தியார் பிரம்பைத் தொட்டுக்காட்டுவதுபோல் இருப்பதால், நம் ரசனைக்கு ஒவ்வவில்லை. அதைத் தள்ளிவிட்டாலும் கதைக்கு நஷ்டமில்லை.

தமிழனுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. நம் சைவ சித்தாந்த நூல்கள் ஆத்மாவை 'உயிர்' என்றே சொல்கின்றன. ஆகையால் 'இந்த உயிருக்கு ஆத்மா உண்டா' என்று கேட்பது, 'இந்த உயிருக்கு உயிர் உண்டா' என்று கேட்பதாய் முடிகிறது. எழுவகைப் பிறப்பில் நீர்வாழ்வனவற்றையும் சேர்த்து எண்ணிப் பழகியவர்களுக்கு ஆத்மா இல்லாத ஜீவன் என்பது ஈரம் இல்லாத தண்ணீர் போன்றதே. அன்றியும், ஆத்மாவை மறுக்கிறவன் எவனோ அவனுடைய சொரூபமே அது என்று பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரர் காட்டும் நியாயத்தை இங்கே பொருத்திப் பார்த்தால், தனக்கு ஆத்மா இல்லையே என்று கடலடியில் உட்கார்ந்து ஏங்கியது எது என்ற கேள்வி ஆண்டர்சனையே மடக்கும். கடற்கன்னியருக்குக் கண்ணீர் இல்லை, ஆதலால் அவர்கள் படும் துயரம் அதிகம் என்று எழுதியவரும் அவரேயன்றோ! அவர் கொடுக்க நினைத்த பொருளை அவள் முதல் பக்கத்திலிருந்தே வைத்திருந்தாள் என்பது நம் அபிப்பிராயம்.

இதைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கும் இல்லை. மீனுக்கும் புழுவுக்கும் தாராளமாய் ஆத்மாவை வழங்கிய நாம்தான், நம்மோடு பிறந்த மனிதருக்கு மீனாட்சி கோயிலின் கதவை 1939 வரை அடைத்து வைத்திருந்தோம்.

சினிமாவுக்கு இந்தத் தொல்லைகளே இல்லை. 1989-ல் டிஸ்னி நிறுவனத்தார் ஆண்டர்சன் கதையை வைத்து எடுத்த படத்தில் ஆத்மாவைச் சம்பாதிக்கும் பேச்சே எழவில்லை. போன குரல் திரும்பி, அரசகுமாரனும் கிடைத்து, கல்யாணத்தோடு சுபமாய் முடிகிறது. கோபன்ஹேகன் துறைமுகத்தில் 1913 முதல் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் வெண்கலக் கடற்கன்னியின் தலையை 1964-ல் யாரோ அறுத்துக்கொண்டு போனபோது, புதுத்தலை வார்த்துப் பொருத்தினார்கள். உடம்பைப் பற்றிய கவலை அந்த அளவுக்கு இருக்கிறது.

ஆண்டர்சனுக்குப் பிறகு இக்கேள்வியைத் தலைகீழாக்கிப் பார்த்தவர் ஆஸ்கார் வைல்டு. 1891-ல் வெளிவந்த அவருடைய 'செம்படவனும் அவன் ஆத்மாவும்' என்ற கதையில், கடற்கன்னியை அடைவதற்காக மனிதன்தான் தன் ஆத்மாவைக் கழித்துவிட வேண்டியிருக்கிறது. இதயம் கொடுக்கப்படாமல் விரட்டப்பட்ட அந்த ஆத்மா உலகம் சுற்றிப் பாவங்களைக் கற்றுக்கொண்டு வருகிறது. ஆத்மா இருந்தும் அன்பில்லாதது ஒன்று, ஆத்மா இல்லையென்று சபிக்கப்பட்டும் அன்புடையது ஒன்று என்று எதிரெதிரே நிறுத்திவிட்டு, வைல்டு வாதம் எதுவும் செய்யாமல் விலகிக்கொள்கிறார். அலையில் இறந்து ஒதுங்கிய இருவரையும் ஊர்ப் பாதிரியார் சபித்து, அடையாளம் எதுவும் வையாமல், வெளுப்போர் வயலின் மூலையில் புதைக்கச் செய்கிறார். மூன்றாம் ஆண்டு கழிந்தபின் ஒரு திருநாளன்று பீடத்தின்மேல் இதுவரை கண்டிராத வெண்மலர்களின் வாசனை அவரைக் கலக்க, தேவகோபத்தைப் பற்றிப் பேச வந்தவர் தேவனுடைய அன்பைப் பற்றிப் பேசிவிடுகிறார். பூக்கள் அந்த மூலையிலிருந்து பறிக்கப்பட்டவை என்று பிறகு அறிகிறார். மறுநாள் விடியற்காலையில் கரைக்குப் போய்க் கடலையும் அதில் வாழ்வன யாவற்றையும் ஆசீர்வதிக்கிறார். அதன்பின் அந்த மூலையில் ஒரு பூவும் பூக்கவில்லை. கடல்மக்களும் அந்த விரிகுடாவுக்கு வருவதை விட்டு வேறு திசைக்குப் போய்விட்டார்கள்.