அச்சத்தால் உரைத்த பொய்

1942 மார்ச்சு முதல் 1945 வரை அந்தமான் ஜப்பானியர் கையில் இருந்தது. ஒற்றர் என ஐயுற்றோரைச் செல்லுலார் சிறையில் வதைத்து ஒப்புதல் வாங்கினர். டாக்டர் திவான் சிங் அவ்வதையால் 1944 சனவரி 14இல் மாண்டார். சனவரி 30இல் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுடப்பட்டனர்.

வதை பொறாது பிறர்மீது பொய் சொன்னவன் குற்றவாளியா? உடனே உயிர் போகும் என்னும் அச்சத்தால் செய்தது குற்றமன்று என்கிறது 2023ஆம் ஆண்டு நியாய சன்ஹிதையின் 32ஆம் பிரிவு. கொலையும், மரண தண்டனைக்குரிய அரசுத் துரோகமும் மட்டும் விலக்கு.

பொய்யாமை பஞ்சசீலத்துள் ஒன்று. ஆயினும் வினைக்கு வேர் எண்ணமே. அவ்வெண்ணம் வதைத்தவன் நெஞ்சில் இருந்தது. ஆகவே பாவமும் அவனதே. ஆனால் அச்சம் நீங்கிய பின்பும் பழிசுமந்தவனுக்காக நாம் வாய் திறவோமாயின், அன்றுமுதல் அப்பொய் நம்முடையதே ஆகும்.