அளவுகோலைக் கீழே வைக்கும் இடம்

நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் கம்பி அதிரும் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம், மில்லிமீட்டரில் 863.6. இதை 17.817 என்ற எண்ணால் வகுத்தால் 48.47 வரும். தலைப்பக்கம் கம்பி வந்து படியும் நட்டிலிருந்து அந்தத் தூரத்தில் முதல் ஃப்ரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி. மிச்ச நீளத்தை அதே எண்ணால் மறுபடி வகுத்தால் இரண்டாவது ஃப்ரெட்டுக்கான இடைவெளி கிடைக்கும். இப்படியே வகுத்துக்கொண்டு போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், 431.8-இல் வந்து நிற்கும். அங்கே அழுத்தினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். மரம் எதுவானாலும் செய்பவர் யாரானாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதே கிட்டாரின் கழுத்துக்குப் பின்பக்கம், இடது கைக் கட்டைவிரல் படிந்து நகரும் வளைவுக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை. ஆங்கில எழுத்துகளின் பெயரில் சில வடிவங்களைச் சொல்வார்கள், சி என்றும் யு என்றும். அதெல்லாம் தொடங்குவதற்கு ஒரு பிடி, அவ்வளவுதான். முடிவைச் சொல்ல வேண்டியது வாசிக்கப்போகிறவரின் உள்ளங்கை.

தென்சென்னைப் பெரும்பாக்கத்தில், மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் தகரக் கூரை போட்ட சிறிய பட்டறை இருக்கிறது. அங்கே ஒரு மாஸ்டரின் மேற்பார்வையில், சனி ஞாயிறுகளில் போய், என் பேஸ் கிட்டாரை நானே செய்தேன். மாஸ்டர் இளம் வயதில் வீணை வேலை பார்த்தவர். பிறகு வடபழனிப் பக்கம் ஸ்டுடியோக்களில் வாசிப்பவர்களின் கிட்டார்களைப் பழுது பார்த்தவர். மரவேலை கற்றுக்கொள்ளலாம் என்றுதான் போனேன். எங்கே அளக்க வேண்டும், எங்கே அளவுகோலைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பதைத்தான் அவரிடம் முக்கியமாகக் கற்றேன். அது கிட்டாரோடு நிற்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பேஸ் மீது எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் இளையராஜா. என் வயதுத் தமிழர்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டில் குரலையும் கிட்டாரையும் ஒதுக்கிவிட்டு அடியில் ஓடும் அந்தக் கனத்த கம்பியை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். இன்னொரு பாட்டே அங்கே நடந்துகொண்டிருக்கும். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் பாட்டுப் புத்தகங்களில் வந்ததில்லை. ஆனால் டவுன் பஸ்ஸில் ஸ்பீக்கர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த பையன்களின் நெஞ்சுக்கூட்டில் அவர் வாசிப்பு இறங்கியிருக்கிறது. மிகக் கீழ்க் கம்பியின் ‘ஈ’ சுரம் விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு. காதுக்குக் கேட்கும் அளவுக்கு உடம்புக்கும் தெரியும் ஒலி அது.

கடையில் ஒன்று வாங்கியிருக்கலாம். நான் மரத்துக்கும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கும் செலவழித்ததைவிடக் குறைந்த விலைக்கே நல்லது கிடைக்கும். கையால் செய்வதற்குப் பணக் கணக்கு சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆரோவில்லில் எரிசா நியோகி கையாலேயே கிட்டார் செய்கிறார். தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் தலைமுறைகளாகச் செய்கிறார்கள். அவர்கள் கருவியை வாங்கிப் போகிறவர் விலை பார்த்து மட்டும் போவதில்லை.

மரத்திலிருந்து சொல்கிறேன். உடலுக்கு மாஸ்டர் பலாப்பலகை எடுத்துக் கொடுத்தார். வீணைக்குரிய அதே மரம். நன்றாகக் காய்ந்தது, இழைத்ததும் மஞ்சள் பூத்தது. ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி, ஆங்கிலத்தில் ரோஸ்வுட். பழைய அலமாரியின் கதவுச் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்த பட்டை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரத்தை உலகத்துக் கிட்டார்க்காரர்கள் எல்லாம் அறிவார்கள். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994-இலேயே தனிச்சட்டம் போட்டார்கள். 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அந்த மரம் இருக்கிறது. ‘புதுசா வெட்டின மரம் வேண்டாம் தம்பி, ஏற்கெனவே வெட்டினது ஊர்ல நெறைய கெடக்கு’ என்றார் மாஸ்டர்.

ஃப்ரெட் வெட்டுகளைக் குறிக்கும் அன்று அவர் வேறு மனிதராக இருந்தார். பேச்சே இல்லை. பென்சிலை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுக் கத்தியைக் கொடுத்தார். பென்சில் கோட்டுக்கே ஓர் அகலம் உண்டு, அந்த அகலத்தில் எந்த ஓரத்தை நம்புவது என்றார். எல்லாத் தூரத்தையும் நட்டிலிருந்தே அளக்கச் சொன்னார். முந்தின கோட்டிலிருந்து அடுத்த கோட்டை அளந்தால் ஒவ்வொரு முறையும் விழும் தலைமுடி அளவு பிழை சேர்ந்துகொண்டே போகும். இருபதாவது ஃப்ரெட்டில் அது காதைக் குத்தும். மூலைமட்டத்தைப் பலகையோடு சேர்த்து அவரே அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் கத்தியால் கீறினேன். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே அகலமுள்ள வெட்டு. ரம்பம் ஈட்டியில் இறங்கும்போது ஊதா கலந்த கரும்பொடி உதிர்ந்தது. ஒரு வெட்டு முடிந்ததும் அடுத்ததற்குப் போகுமுன் அவர் ஒவ்வொரு தடவையும் மறுபடி அளந்தார்.

17.817 என்பது சும்மா வந்த எண்ணும் அல்ல. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதமாகப் பிரித்தால் கிடைப்பது. கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 1581-இல் இதற்குப் பதில் 18 என்ற முழு எண்ணைச் சொன்னார். கைவேலைக்காரர்கள் நெடுங்காலம் அதை வைத்துச் செய்தார்கள். என் கிட்டார் நீளத்துக்கு அந்த 18-ஐப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட் மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது. தொடக்கத்தில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும் வித்தியாசம் பாதி வழியில் எவ்வளவு ஆகிவிடுகிறது!

கழுத்தைச் செதுக்கும் நாள் வந்தது. நான் அளவுகோல், வெர்னியர் எல்லாம் எடுத்து வைத்தேன். மாஸ்டர் ஒரே ஓர் எண்ணைத்தான் சொன்னார். உள்ளே ஓடும் டிரஸ் ராட் கம்பிக்குப் பின்னால் நாலு மில்லிமீட்டர் மரம் மிஞ்ச வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. நாலு கம்பியும் சேர்ந்து சுமார் 75 கிலோவுக்குக் கழுத்தை இழுக்கும். அந்த எல்லையைச் சொல்லிவிட்டு, ‘இனிமே அளவு பாக்காதீங்க தம்பி. கண்ணை மூடிக்கிட்டுக் கையை விட்டுப் பாருங்க’ என்றார்.

அரத்தால் கொஞ்சம் தேய்ப்பேன். கண்ணை மூடி, முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டு வரை கையை ஓட்டுவேன். கண்ணுக்குத் தெரியாத மேடு கட்டைவிரலுக்குத் தெரிந்தது. ஐந்தாவது ஃப்ரெட் பக்கம் விரல் ஒரு கணம் தயங்கியது, அங்கே தேய்த்தேன், தயக்கம் ஏழாவது பக்கம் நகர்ந்தது. எவ்வளவு தடிமன் சரி என்று கேட்டேன். ‘என் கையைக் கேட்டா என் கைக்குத்தான் சொல்லும்’ என்றார். அன்று முழுக்க இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார். மூலைமட்டத்தை விடாமல் அழுத்திப் பிடித்திருந்த அதே கை.

வழிகாட்டுவது என்றால் என்ன என்று எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். செய்முறை இன்று எல்லோருக்கும் கிடைக்கிறது. வீடியோவில் ஒவ்வொரு படியும் இருக்கிறது. ஆனால் வீடியோ எல்லாப் படியையும் ஒரே குரலில் சொல்லும். இங்கே உன் இஷ்டம் செல்லாது, இங்கே உன் இஷ்டம் மட்டும்தான் செல்லும் என்று பிரித்துக் காட்ட, பல கருவிகளைச் செய்து பார்த்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் எனக்குச் செய்து கொடுத்த வேலை மிகக் குறைவு. அந்த எல்லைக்கோட்டை மட்டும் அவரே போட்டார்.

அந்தக் கோடு எல்லாக் கருவிக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார். வீணைக்கு 24 மெட்டு, அதாவது ஃப்ரெட். தேன்மெழுகில் கரி கலந்த மேடையின்மேல் அவற்றைப் பதிக்கிறார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். அங்கே அளவுகோல் தீர்ப்புச் சொல்லாது, காதுதான் சொல்லும். மெழுகு இளகினால் மெட்டு நகரும், மறுபடி கட்டிக்கொள்ளலாம். கிட்டாரில் ரம்பம் இறங்கினால் இறங்கியதுதான். அங்கே காதுக்கு விட்டதை இங்கே கணக்குக்கு விட்டிருக்கிறார்கள். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பேஸ் கிட்டாரின் புதுமையே அதுதான். அதற்கு முன் ஆளுயர டபுள் பேஸில் சுரத்தின் இடத்தை விரல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபெண்டர் ஃப்ரெட் வைத்து அந்தத் தேடலை முடித்தார். பிறகு பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஃபெண்டரின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி எறிந்தார் என்பார்கள். 1976-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் கம்பியின் வழுக்கல் மறக்காது. கோட்டைத் தாண்டலாம். அதற்கு அப்படிப்பட்ட காது வேண்டும்.

பட்டறையிலிருந்து வண்டியில் திரும்பும்போது இந்த ஊரையே இப்படிப் பார்க்கத் தொடங்கினேன். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். சதுப்பு நிலம் 2022-இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரித் தண்ணீர் இங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடல் சேர வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய தரை. சரிவு மிகக் குறைவு. ஒரு சாலையை ஓரடி உயர்த்தினால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பது மாறிவிடும். இங்கேதான் கத்தி நுனியால் குறித்திருக்க வேண்டும். இங்கே கண் திட்டத்தில் மண் கொட்டினோம், மனை போட்டோம், தண்ணீர் போகும் வாயை நெருக்கினோம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் தண்ணீர் அதன் கணக்கை ஒழுங்காகப் போட்டுக் காட்டியது.

அதே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் எழுப்பிக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு பரப்பு, மாடிக்கு இத்தனை வீடு, பிளாக் எண், கதவு எண். எல்லாம் கணக்கு. பூ கட்டுகிறவர் எங்கே உட்கார்ந்து கட்டுவார், வீட்டு வேலைக்குப் போகிறவர் மயிலாப்பூருக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மீன் விற்கிற ஆயா மேல்மாடியில் கூடையை எங்கே வைப்பார் என்று அவர்கள் கையைப் பிடித்துப் பார்த்துச் செதுக்கியிருக்க வேண்டிய இடம் அது. அங்கேதான் ஒரே அளவை எல்லோருக்கும் வைத்தோம். தண்ணீர் போகும் வழியில் விருப்பப்படி நடந்துகொண்ட நாம், மனிதர் வாழும் இடத்தில் அளவுகோலை நீட்டினோம். இதைவிடப் பெரிய தலைகீழ் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள்ளும் இதே குழப்பம்தான். அப்பாவுக்கு இன்சுலின் போட வேண்டும். யூனிட் கணக்கில் ‘ஏறக்குறைய’ கிடையாது, நேரத்திலும் கிடையாது. ஆனால் அவர் பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதற்குக் கடிகாரம் உதவாது. ஒரு நாள் ஐந்து நிமிடத்தில் அவருக்கு நிறைந்துவிடும். இன்னொரு நாள் ஒரு மணி நேரம் பழைய ஆபீஸ் கதை ஓடும். நடுவில் எழுந்தால் முகம் மாறும். மகளின் படிப்பிலும் அப்படியே. மதிப்பெண்ணைப் புள்ளி வைத்துக் கணக்குப் பார்க்கிறோம். அவள் எதன்மேல் கையை ஓட்டும்போது தயங்குகிறாள், எதில் வழுக்கிக்கொண்டு போகிறாள் என்று பார்க்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. எதையும் எண்ணாக்கிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்ற நிம்மதி அதற்குக் காரணமாக இருக்கலாம். எல்லாமே மனப்போக்கு என்று விட்டுவிடுவதிலும் அதே நிம்மதி இருக்கிறது. இரண்டையும் நான் இப்போது சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

கம்பி மாட்டி முதலில் மின்சாரத்தோடு இணைத்தபோது ஓர் உறுமல் வந்தது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். பேஸின் கீழ் ‘ஜி’ சுரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. பிக்கப் குழிக்குள் செப்புத்தகடு ஒட்டி எர்த் கொடுத்ததும் பெரும்பகுதி அடங்கியது. அதற்குப் பிறகு கேட்டது பலாவும் ஈட்டியும் கம்பியும் சேர்ந்த ஒலி. கொஞ்சம் வறண்ட, நேரான ஒலி. எனக்குப் பிடித்திருக்கிறது.

வேலை இன்னும் முடியவில்லை, முடியவும் முடியாது. ஈரக்காற்றில் மரம் அசைந்து கொடுக்கும். ஐப்பசி மழை தொடங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். கம்பியை இரு முனையிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் உள்ள இடைவெளியை மெல்லிய தகடு விட்டு அளப்பது முதல் வேலை. அதிகமாக இருந்தால் ஆலன் சாவியால் டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். எண் சரியானதும் தகட்டை மூடி வைத்துவிட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். கம்பியின் உயரம் அதற்குப் பிறகுதான் முடிவாகும். அதில் மாஸ்டருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. கம்பி இன்னும் சற்று மேலே நின்றால் குரல் திறக்கும் என்பது அவர் கட்சி. எனக்குத் தாழ்வாக இருந்தால்தான் விரல் ஓடுகிறது. போன தடவை பட்டறைக்கு எடுத்துப்போனபோது வாங்கி இரண்டு வரி வாசித்தார், உதட்டைப் பிதுக்கினார், உயரத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார்.